கறுப்பா, பழுப்பா?

கண்ணாடிக் கடையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும், பவர் பார்ப்பது சுலபம். ஒரு ஃபிரேமை எடுக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். திருப்பாதிரிப்புலியூரில் கடை போட்டு நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம், சிதம்பரத்தில் பொருளாதாரம் பாடம் எடுக்கும் என் மச்சான் 'நடத்தைப் பொருளாதாரம்' என்கிறார். நமக்கு அது தினப்படி வியாபாரம்.

சுவர் நிறைய ஃபிரேம்

பெண்ணாடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். உங்கள் கடைக்கும் இவர் வந்திருப்பார். சுவரில் இருந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தன் முகமே அவருக்குத் தெரியாது. கடைசியில் பக்கத்துத் தையல் கடை ஜெயந்தி அக்காவை அபிப்பிராயம் கேட்டார். அக்கா வாசலில் நின்றபடியே ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை, ஒரு நிறை சொல்ல, மனுஷர் குழம்பிப்போய் வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டார்.

மறுவாரம் வந்தபோது தட்டில் மூன்றை மட்டும் வைத்தேன். டீ ஆறுவதற்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு கோபமாகக் கேட்டார்: "அன்னிக்கே இந்த மூணை மட்டும் காட்டியிருந்தா, எனக்கு ஏன்யா இன்னொரு தடவை பஸ்சு?"

பழகின மூக்கு

காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு அம்மா, காது பக்கம் நூல் சுற்றிய ஃபிரேமை நீட்டி, அதிலேயே புது லென்ஸ் போடச் சொன்னார். "இதே ஃபிரேமை நான் வித்தா வாங்குவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"சீச்சீ, இதப் போயி எவ வாங்குவா? ஆனா இது என்னுதாச்சே தம்பி!"

அக்காவின் ஊசி

ஜெயந்தி அக்கா தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவார். ஊசியில் நூல் கோக்கத்தான் முடியவில்லை. வெள்ளெழுத்து, கிட்டே இருப்பது மங்கும். கல்யாண ஜாக்கெட் என்றால் அக்காதான் என்றிருந்த தெரு, கொக்கி கோணலாகிறது என்று வேறு கடைக்குப் போய்விட்டது. மிஞ்சியது தலையணை உறைதான்.

கண்ணாடி வேண்டுமா என்று கேட்டால் "ஆடி போவட்டும்" என்பார். ஆடி போனால் "பொங்கல் போவட்டும்". போட்டால் கிழவி என்பார்களாம். ஒருநாள் வேண்டுமா என்று கேட்பதையே விட்டுவிட்டு, தட்டில் இரண்டை வைத்து, "அக்கா, கறுப்பா, பழுப்பா?" என்றேன். "பழுப்பு" என்று சொன்ன பிறகுதான் அக்காவே திருதிருவென்று விழித்தார். அன்றே பவரும் பார்த்தாயிற்று.

கொஞ்ச நாளில் ஒரு கல்யாண ஜாக்கெட்டோடு வந்தார். கொக்கி வரிசை பிடித்து நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நன்றாகப் பார்க்கலாமே என்று வாங்கி, கையை முழுசாக நீட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அக்கா தன் பழுப்புக் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார்.

"அழகு அப்பறம் பாக்கலாம். தம்பி, உனக்குக் கறுப்பா, பழுப்பா?"

கறுப்பு என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றும் ஒரு பதில் இருந்தது என்பது, கடை வைத்திருக்கிற எனக்கே வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.