பாதி வெட்டப்பட்ட வரி

லியோன் பிஸ்கோர் டெட்ராய்டின் கிழக்குப் பக்கத்தில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். போலந்திலிருந்து வந்த குடும்பம். தெருவில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் புறநகருக்குக் கிளம்பிப் போனபோது, இவனுடைய அம்மா மட்டும் போகவில்லை. அதனால் அவன் எங்களோடு வளர்ந்தான். எங்களோடு என்றால் கறுப்பர்களோடு. நானும் அவனும் ஒரே கூலி வேலைக் குழுவில், ஒரே வேனில் ஏணியும் டப்பாக்களுமாக பல வருஷமாகச் சுற்றுகிறோம்.

சனிக்கிழமை மத்தியானங்களில் ஜெரோமின் செருப்புக் கடையில் ராப் போட்டி நடக்கும். முதல் தடவை லியோன் மேடையேறியபோது, கால்சட்டை முழுக்க வெள்ளைப் பெயிண்ட். கூட்டத்தில் யாரோ, "வாடா சுண்ணாம்பு" என்றார்கள். கடை குலுங்கியது. வேறொருவனாக இருந்தால் இறங்கி ஓடியிருப்பான். லியோன் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பு என்ற சொல்லைத் திருப்பித் திருப்பி, தன் தோலையும் தொழிலையும் தானே கிண்டல் செய்து நாற்பது வரி சொன்னான். அன்றைக்கு அவன் தோற்றது என்னிடம்தான். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு இருவரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தோம். வேனில் போகும்போது அவன் ஒரு வரி போடுவான், நான் அதன் காலை வாருவேன். தொண்ணூற்றெட்டில் என் அண்ணன் வீட்டு நிலவறையில் ஒரு பாட்டுப் பதிவு செய்தோம். அதில் லியோன் மார்தட்டிக்கொண்டு வருவான்:

"வெள்ளை நான், இந்த ஊர்ச் சுவரெல்லாம் இனி வெள்ளையாகும் பார்."

உடனே நான் குறுக்கே பாய்வேன்:

"சுவத்துக்கு அடி, கூலி வாங்கு. எங்க பாட்டுக்கு அடிச்சா கை முறியும் பார்."

அவன், "சரி மேடம், ஏணியைப் பிடிங்க" என்பான். செருப்புக் கடையில் பாட்டின் அந்த இடத்தில் எல்லாரும் தரையை உதைப்பார்கள். கறுப்பர்களின் பாட்டுக்குள் ஒரு வெள்ளையன் எப்படி நிற்பது என்ற கேள்விக்கு அந்த மூன்று வரிதான் எங்கள் பதில்.

நியூயார்க்கிலிருந்து ஒரு இசைக் கம்பெனி ஆள் வந்தான். ப்ரெண்ட் என்று பெயர். என்னோடு கை குலுக்கும்போதே கண் லியோன் மேல் இருந்தது. மறுவாரம் லியோன் மட்டும் விமானத்தில் போனான். பாட்டை அப்படியே வெளியிடுவார்கள், ஓசையை மட்டும் சுத்தம் செய்வார்கள் என்று திரும்பி வந்து சொன்னான். நான் நம்பினேன்.

ஏப்ரலில் சுண்ணாம்பு என்ற பெயரில் பாட்டு வந்தது. வேலைக்குப் போகும் வழியில் வேன் வானொலியில் கேட்டோம். லியோனின் வரி முடிந்தது. என் குரல் வரவேண்டிய இடத்தில் ட்ரம்பெட் வந்தது. அவன் பதிலையும் காணோம். பாட்டு முழுக்க நான் இல்லை. ஊரைப் பிடிக்க வந்த வெள்ளையனின் வீறாப்பு மட்டும் மிச்சம்.

லியோன் வேனை ஓரம் கட்டினான்.

"நீ கையெழுத்துப் போட்ட தாளைப் படிச்சியா?" என்று கேட்டேன்.

"மேலாக்கப் பாத்தேன்."

"இருபது பக்கத்தை மேலாக்கப் பாத்தியா? ஒரு சுவத்துக்கே மூணு தடவை பட்டி பாக்குறவன்டா நீ."

அவன் ப்ரெண்டுக்குத் தொலைபேசி போட்டான். பெண் குரல், பாட்டுக் கேட்பவரைக் குழப்புகிறதாம். வெள்ளைக்காரப் பையன் துணிந்து சொல்கிறான் என்பதுதான் விற்குமாம். இப்போது கொஞ்சம் பிரச்சினை கிளம்பினாலும் நல்லதுதானாம்.

பிரச்சினை கிளம்பியது, எங்கள் தெருவில். அந்தச் சனிக்கிழமை ஜெரோம் கடையில் லியோன் ஒலிவாங்கியைத் தொட்டதும் எல்லாரும் எழுந்து முதுகைக் காட்டி நின்றார்கள். அவன் இறங்கி நேரே என்னிடம் வந்தான்.

"டெல்ஃபீன், நீ ஒரு தடவை ஏறி உன் வரியைச் சொன்னாப் போதும். புரிஞ்சுக்குவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் வாயை வெட்டி எறிஞ்சாங்க. இப்ப உன் பேரைக் காப்பாத்த அதே வாய் வேணுமா? நான் மாட்டேன்."

கடைக்குள் எல்லாருக்கும் கேட்டது. அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான்.

பத்து நாள் கழித்து ஒரு பகல்நேர வானொலி நிகழ்ச்சியில் அவன் நேரலையில் பாட வேண்டியிருந்தது. நாங்கள் ஒரு பல் மருத்துவர் வீட்டுச் சமையலறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டே கேட்டோம். லியோன் தன் வரியைச் சொன்னான். அப்புறம் நிறுத்திவிட்டான். தாளம் மட்டும் ஓடியது. என் வரியின் நீளம் முடிந்ததும், "சரி மேடம், ஏணியைப் பிடிங்க" என்றான். ஒவ்வொரு சுற்றிலும் இப்படியே செய்தான். நிகழ்ச்சி நடத்துகிறவர் திணறிப்போய், வரி மறந்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல சார். அது டெல்ஃபீன் மேய்ஸோட இடம். கம்பெனி அவங்களை வெட்டிருச்சு. தாளைப் படிக்காம கையெழுத்துப் போட்டு வெட்ட விட்டவன் நான். அவங்க இல்லாம இந்தப் பாட்டுக்கு அர்த்தமே தலைகீழ்."

உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள். நான் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஒரே இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தேன் என்று குழுவில் பிறகு சொன்னார்கள்.

கம்பெனி அவனைக் கழற்றிவிட்டது. பாட்டை விடவில்லை, உரிமை அவர்களுடையது. ட்ரம்பெட்டோடு அது இன்றும் ஓடுகிறது. லியோன் அதற்குப் பிறகு மேடையேறவே இல்லை. அதைப் பெரிய தியாகம் என்று இந்த ஊர்ப் பத்திரிகை ஒரு பக்கம் எழுதியது. அவன் புகைப்படம் இருந்தது. என் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

அவனை நான் மன்னித்தேனா என்று கேட்கிறார்கள். வேலை நாட்களில் அவன் கொண்டுவரும் தொத்திறைச்சி ரொட்டியில் பாதி தின்கிறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வருஷமே நான் தனியாக ஒன்பது பாட்டுப் பதிவு செய்து ப்ரெண்டுக்கு அனுப்பினேன். அவன் மூன்று வரி பதில் எழுதினான். குரல் அபாரமாம். சொல் விளையாட்டும் பிரமாதமாம். ஆனால் சுண்ணாம்பின் பாணியைக் கொஞ்சம் காப்பி அடித்த மாதிரி இருக்கிறதாம்.