எங்கள் அக்காவும் நிலவில் இறங்கிய கலமும்

துக்கம் கேட்க வந்த பலரும், "டீச்சர் கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாகளா?" என்று விசாரித்தீர்கள். இல்லை. அந்த ஆறுதலோடுதான் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாரணாபுரத்தில். பெற்றோருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஒரு விபத்தில் அப்பாவின் கைகள் வெந்துபோக, பள்ளிப் படிப்பை முடித்திருந்த அக்கா சரவெடி பின்னப் போனார்கள். அப்பா தேறிய பிறகுதான் கல்லூரி. பின்பு விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனார்கள்.

பாடப்புத்தகத்தில் வானியலுக்கு இருந்த பக்கங்கள் அக்காவுக்குப் போதவில்லை. பூமியைத்தான் எல்லாம் சுற்றுகின்றன என்று மனிதர்கள் நெடுங்காலம் நம்பியதையும், வியாழனைச் சுற்றும் நிலாக்களைத் தொலைநோக்கியில் கண்டபின் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டதையும் கதைபோலச் சொல்வார்கள். மைதானத்தில் மாணவிகளையே கோள்களாக்கிச் சுற்றவிடுவார்கள்.

நம் நாட்டுக் கலம் நிலவில் விழுந்து நொறுங்கியபோது மாணவிகள் அழுதார்களாம். "நெலாவுக்கு மொதமொதல்ல விட்டதுல பல கலம் அந்தப் பக்கமே போய்ச் சேரல. அதுக்காக யாரும் விட்டுறல. அடுத்த தடவ எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாப்போம்" என்று அக்கா வாக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த கலம் புறப்பட்ட சமயத்தில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதய வால்வை உடனே மாற்ற வேண்டும் என்றார்கள் மதுரை மருத்துவர்கள். அவர்கள் குறித்த நாளும், கலம் இறங்கும் நாளும் ஒன்றாக அமைந்தன.

"ஒரு வாரம் தள்ளி வச்சா என்னலே? பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கேன்ல."

"நீங்க இருந்தாத்தானக்கா பிள்ளைகளுக்குப் பாடம்?" என்றேன். அக்கா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கடைசியில் மாணவிகளே போன் செய்தார்கள். "டீச்சர், நீங்க ஆபரேசனுக்குப் போங்க. நாங்க பாத்துச் சொல்றோம்." அதற்குத்தான் இணங்கினார்கள்.

ரத்தம் தேவைப்பட்டது. அக்காவிடம் படித்து, இப்போது பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள், தீபாவளி சீசன் வேலையை விட்டுவிட்டு வேன் பிடித்து வந்து கொடுத்தார்கள்.

அன்று மாலை மருத்துவமனைக் கூடத்துத் தொலைக்காட்சியில் கலம் இறங்கிக்கொண்டிருந்தது. என் கண் அறுவைச் சிகிச்சை அறையின் கதவை விட்டு அகலவில்லை. திடீரென்று கைத்தட்டல். முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. சற்று நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சது" என்றார். அப்போதுதான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அக்கா பேசிய முதல் பேச்சு, "எறங்குச்சாலே?"

"எறங்கிருச்சுக்கா. பூப்போல."

சிரிக்கப் போய் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. செவிலியர் எங்கள் இருவரையும் திட்டினார்.

அதன்பின் அக்கா நலமாகப் பள்ளிக்குப் போய் வந்தார்கள். இந்தக் கார்த்திகையில் மழை விட்ட ஒரு மாலை, மாணவிகளுக்குத் தொலைநோக்கியில் சனிக்கோளைக் காட்டினார்கள்.

"என்ன டீச்சர், வளையத்தக் காணோம்? கோடு மாதிரி இருக்கு."

"இப்ப அதோட ஓரம் மட்டுந்தான் நம்ம பக்கம் இருக்கு. தொலைநோக்கி வந்த புதுசுலயும் இப்படி மறையவும், பாத்தவரு கொழம்பிப் போனாராம். கொஞ்ச வருசத்துல நல்லா விரிஞ்சு தெரியும். அப்பவும் பாருங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார்கள். இட்லி சாப்பிட்டுப் படுத்தார்கள். விடிந்து பார்த்தபோது, தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் உடன் நடந்த மாணவிகளுக்கும், உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரத்தம் கொடுத்த சகோதரிகளே, உங்களால் கிடைத்த ஆண்டுகளை எங்கள் அக்கா ஆசைப்பட்டபடியே வாழ்ந்து முடித்தார்கள்.