அவள் மீனை ஒதுக்கிய நாட்கள்

மனைவிக்கு ஈரலில் புற்றுநோய் என்ற முடிவு எங்கள் கைக்கு வந்தபோது, ஊசியால் எடுத்த சதைத்துண்டு கொழும்புக்குப் போய் ஒன்றரை மாதமாகியிருந்தது. சண்டையால் பாதை இரண்டு தடவை பூட்டுப்பட்டிருந்தது. நான் களுவாஞ்சிக்குடியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரே மகனைப் பயத்தில் கனடாவுக்கு அனுப்பியிருந்தோம். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி விறாந்தையில் இளம் மருத்துவர் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். வாத்தியார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொன்னார்.

"சேர், செல்லுகள ஒண்டோட ஒண்டு ஒட்டி வெச்சிருக்கிறது ஒரு புரதம். புற்றுநோய்ச் செல்லில அது குறைஞ்சா, செல் கழண்டிரும். வேற சில புரதம் கூடினா, சுத்தியிருக்கிற இழையத்தக் கரைச்சு, வழி எடுத்து, ரத்தத்தோட போயிரும். பிறகு நுரையீரலில போய்க் குந்திரும்."

பக்கத்து வாங்கில் அமர்ந்திருந்த மனைவி இதைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு மூன்று கிழமை எனக்கு வாவி மீன் ஆக்கித் தந்தாள். தனக்கு வயிறு சரியில்லை என்று வெறும் சோறும் சொதியும் தின்றாள். நானும் நம்பினேன். ஊரடங்கினால் பாடசாலை இல்லாத ஒருநாள் இருவரும் சேர்ந்து சாப்பிட இருந்தோம். அவித்த முட்டையொன்றை அவள் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். எடுத்து என் கோப்பையில் போட்டாள்.

"புரதத்தாலதான் பரவுதெண்டு டொக்டர் சொன்னாரே. நான் ஏன் அதுக்குத் தீன் போட?"

புரதம் என்றால் முட்டை, மீன், பருப்பு என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியவன் நான்.

"அது வேற, இது வேற. நீ திங்கிற மீன் வயித்துக்குள்ள உடைஞ்சு போகும். அவர் சொன்னது செல் தானே செய்யிற புரதம்."

"ஆர்ர செல்?"

"உன்ட செல்தான். பழுதாப்போன செல்."

"அப்ப என்ட உடம்புதான் அதச் செய்யுதா?"

"ஓம்."

அவள் முட்டையைத் திரும்ப எடுத்து, உப்பைத் தொட்டுத் தின்றாள்.

"என்னட்ட முதலே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வகுப்பில நிண்ட மாதிரி தொடங்கிருவீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் இருமல் தொடங்கியது. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தபோது நுரையீரலிலும் இருந்தது. மாசியில் ஒரு காலையில் போய்விட்டாள். தொலைபேசிக் கடையிலிருந்து மகனுடன் கதைத்தேன். வாறன் என்று அழுதான். வராதே என்று நான்தான் சொன்னேன்.

சில நாட்களில் ஆமிக்காரர்கள் வீட்டிலுள்ளவர்களைப் பதிய வந்தார்கள்.

"எத்தின பேர்?" என்றான் ஒருவன், தெரிந்த தமிழில்.

"நான் மட்டும்."

கொடியில் காய்ந்த மனைவியின் சேலையைக் காட்டினான். அதைத் தோய்த்துப் போட்டது நான்தான். ஏன் தோய்த்தேன் என்று அவனுக்குச் சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியாது. அவன் உள்ளே போய் இரண்டு அறையையும் பார்த்தான். ஒன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.