தேறிவிடுவாள் என்று கணிக்கப்பட்ட பெண்

பெங்களூரில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். பி.யு.சி. என்கிற பிளஸ் டூ மார்க்கையும் நீட் மார்க்கையும் கம்ப்யூட்டரில் போட்டு, வருஷக் கடைசியில் யார் தேறுவார்கள், யார் தவறுவார்கள் என்று கணித்திருந்தார்கள். நான் தவறுவேன் என்று வந்தது. காக்ஸ் டவுனில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி தேறிவிடுவாள் என்று வந்தது.

அவள் கோலார் தங்கவயல்காரி. சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, நுரையீரல் கெட்டு வீட்டோடு இருந்தார். "அவருக்கு மூச்சு வாங்குறதைப் பார்த்துதான்டி டாக்டருக்குப் படிக்கணும்னு தோணுச்சு" என்பாள். பி.யு.சி.யில் அவள் காலேஜிலேயே முதல்.

தவறுவோம் என்று வந்தவர்களுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு. அனாட்டமி மேடம் எலும்பைக் கையில் கொடுத்து, நாங்கள் தப்பாகச் சொல்லச் சொல்லத் திருத்துவார். திட்டுவார், டீயும் வாங்கித் தருவார்.

குளிர் ஆரம்பித்ததும் அவள் அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டது. சனிக்கிழமை ரயிலேறினால் புதன் வரைகூட வரமாட்டாள். ஒருநாள் மேடத்திடம் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"நானும் சாயங்காலம் உட்காரட்டுமா மேடம்? ஒண்ணுமே தலையில ஏற மாட்டேங்குது."

மேடம் சிரித்தார். "உனக்கு எதுக்கும்மா? உன் மார்க்குக்குத் தூங்கி எழுந்து எழுதினாலே பாஸ்." அன்பாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும், "அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு போல" என்றாள். அறையில் நான் கற்றதை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் அப்பா போய்விட்டார். மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு வந்து எழுதினாள். மூன்று பாடமும் போயிற்று. நான் தேறியிருந்தேன்.

மறுபரீட்சைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவள் அண்ணன்தான் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். "எவ்வளவு சொல்லியும் வர மாட்டேங்குதும்மா. எனக்குப் படிப்பு வராதுன்னே சொல்லுது" என்றார்.

இப்போது பங்காரப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறாள். நான் டாக்டரான அன்று ஃபோன் செய்தேன்.

"இனிமே உங்களை டாக்டர்னுதானே கூப்பிடணும்?"

"சும்மா இருடி. பேரைச் சொல்லு."

சிரித்தாள். ஆனால் ஃபோனை வைக்கும்வரை என் பேரைச் சொல்லவே இல்லை.