முதல் லோடும் மச்சான் வச்ச ஃப்ளெக்ஸும்

மக்களே, இன்று முதல் நான் வெறும் டிரைவர் இல்லை. சொந்த லாரிக்கு ஓனரும் நானே, டிரைவரும் நானே!

சிதம்பரத்தில், நெல் ஏற்றும் களத்திலேயே பூசை. யானைக்கே போர்த்தலாம் போல ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான் என் மச்சான். அதில் கூலிங் கிளாஸோடு நான்.

"இந்த மூஞ்சியால எதுக்காச்சும் பிரயோஜனம் உண்டா?" என்றாள் என் மனைவி.

பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தில் டயரை ஏற்றி, கடலூர் மில்லுக்கு மூட்டைகளை அடுக்கி முடித்தோம். வானம் கறுத்தது. அப்போதுதான் உறைத்தது, எலுமிச்சம்பழம் வாங்கிய மகராசன் நான், தார்ப்பாய் வாங்கவில்லை!

நெல்லுக்காரர் தலையில் கைவைத்தார். "நனைஞ்சா மில்லுல எடுக்க மாட்டாங்க தம்பி!"

மச்சான் ஓடிப்போய் ஃப்ளெக்ஸை அவிழ்த்து வந்தான். மூட்டைகள் மேல் விரித்து, கயிறு போட்டு இறுக்கினோம்.

ஏழு கடலும் கொட்டியது. கடலூர் வரை என் முகம் மல்லாந்து, சிரித்தபடியே நனைந்தது. நெல்லில் ஒரு மணிகூட நனையவில்லை.

இறக்கியதும் வீட்டுக்குப் போன் போட்டேன். "இப்ப சொல்லு, பிரயோஜனம் உண்டா?"

"உண்டுங்க. இனிமே தார்ப்பாயே வாங்காதீங்க."

இது பாராட்டா, திட்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.