டப்பாக் குரல்

விலை உயர்ந்த ஹெட்போனா, பெரிய ஸ்பீக்கரா, எதில் அசல் சத்தம் கேட்கும் என்று என் மகன் நண்பர்களோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறான். என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வேன்: அந்த வழக்கை நான் அறுபதுகளிலேயே செஞ்சியில் முடித்துவிட்டேன்.

அண்ணன் அங்கே மைக் செட் வைத்திருந்தான். நான் மாதா கோயிலில் பாடுவேன். மாதா திருநாளுக்கு முன்னால் ஒத்திகை. சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட எங்கள் உபதேசியார் வெளியே நின்று குழாய் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, ஒன் கொரலு டப்பாவத் தட்டற மாதிரி இருக்குது. திருநாளுக்கு வேற ஆள பாத்துக்கறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரில் பொம்பளைப் பிள்ளை வாயைத் திறக்க இருந்த இடம் அது ஒன்றுதான். அதையும் பிடுங்கப் பார்த்தார்.

"அது கொரலு இல்ல, கொழா பண்ற வேல. இத மாட்டிக் கேளுங்க" என்று அண்ணன் ஒரு ஹெட்போனை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். பட்டாளத்தில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு வந்த சிநேகிதன் கொடுத்தது. எங்களிடம் இருந்ததில் அதுதான் உசத்தி. அது வந்த அன்றைக்கு நான் அதை மாட்டிக்கொண்டபோது அண்ணன் மைக்கில் பேசினான். பீடிக் கமறல், மூச்சு, எச்சில் விழுங்குவது எல்லாம் காதுக்குள் கேட்டது. குழாயோ அடிக்குரலைத் தின்றுவிட்டு மேல்குரலை மட்டும் துப்பும். அதற்கு ஊருக்கெல்லாம் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

உபதேசியார் மாட்டிக்கொண்டு மைக் பக்கத்திலேயே நின்றார். நான் பாடினேன். வீம்புக்கு முழுப் பாட்டையும் பாடினேன். அவர் முகம் இளகிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன்.

காதை மூடிக்கொண்டவருக்கு எல்லாம் தன் காதுக்குள் மட்டுமே கேட்பதாகத் தோன்றும்; வெளியே குழாய் ஓடிக்கொண்டிருப்பது மறந்துபோகும். பாட்டு முடிந்ததும் அண்ணனிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மைக்குக்கு எதிரிலேயே வாய்விட்டுச் சொன்னார்:

"கொரலு தேன் மாதிரிதான்பா இருக்குது! இன்னா பண்றது, எங்க அக்கா பொண்ண பாட வெக்கறேன்னு வாக்கு குடுத்துட்டனே!"

குழாய் கோட்டை மலையைப் பார்த்துக் கட்டியிருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. பிறகு மலையில் மோதி, "குடுத்துட்டனே" என்று இன்னொரு தரம் வந்தது. வெளியே பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "வெளிய கேட்டுச்சா?" என்று இந்தத் தடவை நிஜமாகவே ரகசியமாகக் கேட்டார். அண்ணன் ஸ்விட்சை அணைக்கப் போனான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

என் குரலின் அசல் ஹெட்போனில் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்த மனிதரின் அசல் குழாயில்தான் வந்தது. காதுக்குள் ஒருத்தர் மட்டும் கேட்டு மறைத்துவிடும் உண்மை எனக்கு எதற்கு?

மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"கேட்டுச்சு உபதேசியாரே. திருநாளுக்கு நான்தான் பாடப் போறேன். இதுவும் வெளிய கேக்கட்டும்."

"கேக்கட்டும்" என்றது மலை.

திருநாளன்று நான்தான் பாடினேன். குழாயில்தான், அதே டப்பாக் குரலில்.