அப்பாவின் லாரிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

போன வாரம் சர்வீசுக்கு வந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஸ்க்ரூ தலைகளில் எல்லாம் துரு பொங்கியிருந்தது. ஊரில் மழைக்கு முன்னால் உப்பளத்துப் பக்கமிருந்து வரும் ஈர வாடை அதற்குள்ளிருந்து லேசாக அடித்தது. “இது கடலோரத்துல இருந்த மெஷினுங்களா?” என்று கேட்டேன். கொண்டுவந்தவர் அசந்துபோனார். மரக்காணத்தில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? எங்கள் ஊரில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட்டின் தாழ்ப்பாள் எதுவும் தன் ஆயுசை முழுதாக வாழ்ந்ததில்லை. உப்பை வெளியூருக்கு அனுப்பிவிட்டு அதன் காற்றை நாங்கள் வைத்துக்கொள்வோம்.

அந்த உப்பை அனுப்பியவர்களில் ஒருவர் என் அப்பா. இருபத்தாறு வருஷம் உப்பு லாரி ஓட்டினார். ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவர் பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுவார். கடைசியில் அவரை உட்காரவைத்ததும் சாலை இல்லை. நின்றுகொண்டிருந்த லாரியில் லோடு ஏற்றும்போது மூட்டை அடுக்கு சரிந்து இடது காலில் விழுந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. மடங்காத காலால் கிளட்ச்சை மிதிக்க முடியாது. அதோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் ஹாரன் கேட்டால், “ஏழுமலை போறான்” என்பார். கூட லாரி ஓட்டியவர்களை ஹாரனை வைத்தே அடையாளம் சொல்வார்.

நான் அப்போதுதான் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வருகிற ஆட்களில் பாதிப் பேர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்து, “மெக்கானிக் இல்லையாம்மா?” என்பார்கள். நான்தான் மெக்கானிக் என்று சொன்னால் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும். உண்மையைச் சொன்னால், அந்தச் சந்தேகம் எனக்கும் கொஞ்சம் இருந்தது.

எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரை மூடியபோது, கேம் விளையாடுவதற்கென்று வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரை நான் வாங்கிவந்தேன். வயசான மெஷின். உள்ளே சிவப்பு லைட் எரியும். ஃபேன் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா, “கிரைண்டர் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார். அதில் வெளிநாட்டுச் சாலைகளில் லாரி ஓட்டும் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா திறந்தேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாம்மா இது, ஸ்டியரிங் லெப்ட்ல இருக்குது?”

“அந்த ஊர்ல அப்படித்தாம்பா. ஓட்டிப் பாக்குறியா?”

இரண்டு விரலால் கீபோர்டைத் தொட்டு ஓட்டினார். அடுத்த ஞாயிறும் ஓட்டினார். அதன்பிறகு நான் வேலைக்குப் போனபிறகும் ஓட்டுகிறார் என்று அம்மா சொன்னாள். வளைவு வந்தால் தோளும் சேர்ந்து சாய்கிறதாம்.

ஒருநாள் அந்த விளையாட்டில் மழை வந்தது. மழை என்றாலே, திரையில் படம் காட்டும் அந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு வாங்கும். படம் விட்டு விட்டு நகரும். அப்பா ஒரு பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தார். படம் அப்படியே நின்றது. மறுபடி அசைந்தபோது லாரி கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் கிடந்தது.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அப்பா முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நான் பிரேக் புடிச்சிட்டேம்மா. அதுதான் கேக்கல” என்றார். யாரோ போலீஸ்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார். எழுந்து காலை இழுத்துக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. ஹாரன் கேட்டால்கூட யார் போகிறார் என்று சொல்லவில்லை. அம்மாதான் என்னிடம் வந்து, “நீ ரிப்பேர் பாக்குறவதானே? அத பாரேன்” என்றாள். ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் பார்க்கிற எனக்கு அது உறைத்தது.

கடைக்கு வந்த கார்டுகளில் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அது இழுக்கும் கரண்டுக்குத் தோதாகப் பெரிய பவர் சப்ளையும் வாங்கினேன். ஞாயிறு காலை பழைய கார்டைக் கழற்றி, புதியதை உள்ளே இறக்கினேன். இறங்கவில்லை. ஹார்ட் டிஸ்க் வைக்கிற தகரக் கூண்டில் இரண்டு விரற்கடை இடித்தது.

எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார். “டேப்பு வெச்சி அளக்கலையா?”

“இல்லப்பா.”

“கடைல இன்னாதான் சொல்லிக் குடுக்கிறாங்க?” என்று சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் மானம் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது. நான் போர்டு, வயர் எல்லாவற்றையும் பிரித்து வெளியே எடுத்தேன். அப்பா தரையில் உட்கார்ந்து, வெறும் பெட்டியைத் தொடைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, ஆக்சா பிளேடால் கூண்டை அறுத்தார். அறுத்த ஓரத்தை அரம் போட்டு ராவினார். “கைய கிழிக்கக் கூடாது” என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் என்னிடம் கொடுத்தார். நான் அழிரப்பரால் மெமரித் தகட்டின் கறுத்த பற்களைத் தேய்த்துத் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

கழற்றினேன், மாட்டினேன், சாமியைக் கூப்பிட்டேன். கடைசியில் பார்த்தால் மானிட்டர் வயரை மெயின் போர்டின் ஓட்டையில் குத்தியிருக்கிறேன். புதுக் கார்டில் அல்லவா குத்த வேண்டும்? வந்த கஸ்டமர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். மாற்றிக் குத்தினேன், படம் வந்தது.

அப்பா அதே பாலத்துக்குப் போனார். அதே மழையை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இந்த முறை கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக வழிந்தது. அப்பா வைப்பர் போட்டார். பாலத்தின் நடுவில் வேண்டுமென்றே ஒருமுறை பிரேக் பிடித்தார். லாரி நின்றது. “கேக்குது” என்றார். கிளம்பி அக்கரை போய்ச் சேர்ந்தார்.

இந்தச் செய்தி எப்படியோ பரவி, அடுத்த ஞாயிறு ஏழுமலை மாமாவும் இன்னும் இரண்டு டிரைவர்களும் வந்துவிட்டார்கள். அப்பா நீளமான டிரைலரை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்துக் குடோனில் நிறுத்தினார்.

“ஏம்பா, சைடு கண்ணாடிய மட்டும் பாத்தே உட்டுட்டியே!” என்றார் மாமா.

அப்பா திரும்பாமல் சொன்னார். “வண்டி அப்படி. எம்பொண்ணு ரெடி பண்ணது.”

அதற்குப்பிறகு எத்தனையோ பாராட்டுகள் வாங்கிவிட்டேன். இப்போது சொந்தக் கடையே வைத்திருக்கிறேன். மெக்கானிக் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் எதுவும் அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் வரவில்லை.

ஞாயிறுதோறும் அந்தக் கூட்டம் நடந்தது. ஒருநாள் விளையாடிக்கொண்டே அப்பா கேட்டார். “இதுல கிளட்ச்சே இல்லாமதானே ஓட்டுறேன். நெஜத்துல அப்படி வண்டி இல்லையா?” இருந்தது. பேட்டரியில் ஓடும் லோடு ஆட்டோ. டாக்டர் சர்டிபிகேட், டெஸ்ட் என்று அலைந்து, அதற்கு லைசென்சும் வாங்கிவிட்டார். இப்போது வானூர், பெருமுக்கல் கடைகளுக்கு அவர்தான் உப்புப் பாக்கெட் கொண்டுபோகிறார்.

ஏழுமலை மாமா இப்போது இல்லை. மற்ற இருவரும் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். அறுத்த கூண்டோடு அந்த மெஷினும் ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. என் லேப்டாப்பில் அதே விளையாட்டின் புதிய பதிப்பு இருக்கிறது. அதில் மழை இன்னும் அழகு. ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பாவைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

“போம்மா, எனக்குக் காலைல லோடு இருக்குது” என்கிறார்.